டாங்கி மூடியில் வைத்த சந்தனம்

தலைமை நாற்காலியை அலங்கரிக்கும், அலங்கரிப்பதோடு நிறுத்திக்கொண்ட, நம் உழவர் சங்கத் தலைவர் கிருஷ்ணசாமி அவர்களே, முன்வரிசையில் விசிறியும் வெற்றிலையுமாய் வீற்றிருக்கும் பெரியோர்களே, மணலில் அமர்ந்து மழலைகளை மடியில் தாங்கும் தாய்மார்களே, திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் விருந்தினர்களே, எல்லாருக்கும் பின்னால், புளியமரத்துக்கும் அப்பால், உட்காரச் சொல்ல ஒருவரும் இல்லாமல் நிற்கும் என் சகோதரர்களே, இப்போதைக்கு ஒரு பொது வணக்கம். தனி வணக்கம் ஒன்றைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

சங்கத்து டிராக்டரின் கோளாறைத் தீர்த்தார் என்று, தலைவரின் தம்பி மகன் பெரியதம்பிக்குப் பொன்னாடை போர்த்தும் விழா இது. போர்த்தும் பொறுப்பு உபதலைவனான எனக்கு. பொன்னாடை இதோ என் தோளில் கிடக்கிறது. கிடக்கட்டும். எது கோளாறு என்று முதலில் பேசுவோம்.

என்ன ஐயா அங்கே முணுமுணுப்பு? கோபமாகப் பேசுகிறேனா? ஆம், கோபமாகத்தான் பேசுகிறேன். குளிரக் குளிரப் பேச நான் கல்யாண வீட்டுக்கு வரவில்லை.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? பாட்டரி முனையில் பூத்த பச்சையைச் சுரண்டு. கொதிக்கிறதா? ரேடியேட்டரில் தண்ணீரைப் பார், அதன் முகத்தில் அடைந்த மல்லாட்டைக் கொடிச் சருகைத் தட்டு. கரும்புகை கக்குகிறதா? காற்று வடிகட்டியைக் கழற்றிக் கழுவு. ஓடி ஓடி நிற்கிறதா? டீசல் இறங்கும் வழியைப் பார். நாம் எதைப் பார்த்தோம்? ஓட்டியவனின் சாதியைப் பார்த்தோம்.

ஆயுத பூசையன்று டிராக்டருக்கு மாலை போட்டோம், பூசணி உடைத்தோம். தலைவர் தம் கையாலேயே டீசல் டாங்கி மூடியில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். மறுநாள் வண்டி கழனிக்குப் போனது. கொஞ்ச தூரம் உழுதது, நின்றது. மூடியைத் திறந்து டீசல் ஊற்றினால் மறுபடி ஓடியது, மறுபடி நின்றது.

இந்தச் சங்கம் வண்டி வாங்கிய நாள் முதல் அதை ஓட்டியவர் சவுரிராயன். அவர் தலைவரிடம் வந்து சொன்னது என் காதில் விழுந்தது. "மூடியெல்லாம் ஒரே பிசுக்கா கீதுங்க. ஒருதபா தொடைச்சிக்கினு போறேனுங்க."

அதற்கு வந்த பதிலையும் கேளுங்கள். "சாமிக்கு வச்ச சந்தனத்தை நீ தொடைக்கிறியா? உன் கை பட்டுதான் வண்டியே பேஜாரு பண்ணுது. சாவியை வச்சிட்டுப் போ."

சாவியை வைத்துவிட்டுப் போனார். அவர் வீட்டு அடுப்பும் அன்றோடு அணைந்தது. ஐப்பசி மழை விட்டு நிலம் ஈரமேறிக் கிடக்கிறது, ஊரே உழக் காத்திருக்கிறது, உழுகிறவர் தெருவில் நிற்கிறார். இது நியாயமா? இது தர்மமா? இதுதான் சங்கமா?

அடுத்துப் பெரியதம்பி ஏறினார். அவர் கை பட்ட பிறகாவது ஓடியதா? அதே தூரம் ஓடியது, அதே மாதிரி நின்றது. அப்போது யார் கையைக் குறை சொன்னோம்? எலுமிச்சம்பழத்தை வாங்கி வரச் சொன்னோம்.

கடைசியாக அது நின்ற இடம் அஞ்சம்மாள் அக்காவின் கழனி. ஏர் பூட்ட ஆளில்லாத வீடு. பாதி நிலம் உழுது பாதி நிலம் கிடக்கிறது. அக்கா என்ன செய்தார்? குடத்துத் தண்ணீரை மூடியின் மேல் கவிழ்த்தார், தேங்காய் நாரால் தேய்த்தார். பெரியதம்பி தடுத்தபோது அவர் சொன்னார்: "ஈரம் காயுதுடா. சாமி கோச்சிக்கினா என்னாண்ட வரட்டும்."

சந்தனம் கரைந்து ஓடியது. பக்கத்தில் நின்ற என் கண்ணில் பட்டது மூடியின் நடுவே ஒரு சிறு துளை. காற்று உள்ளே போகத்தான் அந்தத் துளை. காற்று போனால்தான் டீசல் கீழே இறங்கும். அதைத்தான் பக்தியோடு அடைத்து வைத்திருந்தோம். அக்கா தம் ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார், நான் குத்தினேன். மீதி நிலத்தை வண்டி நிற்காமல் உழுதது.

சிரிக்கிறீர்களா? சிரிக்காதீர்கள், எனக்கு வயிறு எரிகிறது. வண்டி ஓடி எத்தனையோ பொழுது போயிற்று. சவுரிராயனை யார் கூப்பிட்டோம்? பழி சுமந்தவர் புளியமரத்துக்குப் பின்னால், வண்டி மேல் சும்மா உட்கார்ந்திருந்தவருக்குப் பொன்னாடை. மூடியின் அடைப்பை ஓர் ஊக்கு எடுத்துவிட்டது. நம் மூளையின் அடைப்பை எடுக்க எந்தக் கடப்பாரை வேண்டும்?

தலைவர் அவர்களே, மணி அடிக்க வேண்டாம், முடித்துவிடுகிறேன். பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி, பொறுக்காமல் கேட்டவர்களுக்கும் நன்றி. அஞ்சம்மாள் அக்கா, இந்தப் பொன்னாடை உங்களுக்கு. பெரியதம்பி ஆட்சேபிக்க மாட்டார், அவருக்கு நடந்தது தெரியும்.

மிச்சம் வைத்த வணக்கம் ஒன்று இருக்கிறது. சவுரிராயன் அண்ணே, வணக்கம். வண்டி மேடைக்குப் பக்கத்தில் நிற்கிறது, சாவி என் கையில் இருக்கிறது. கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு வராதீர்கள். நடுவில் நடந்து வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பெரியோர்களே, கொஞ்சம் நகர்ந்து வழி விடுங்கள்.