சட்டையைத் தூக்கு

எண்பதுகளில் ஒரு நாள், மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் போகும் போட்டில், எனக்கு எதிர் பெஞ்சில் இரண்டு தமிழ்ப் பெண்கள். இளையவளின் பக்கத்தில் அவள் மகன். பதினெட்டு வயதிருக்கும். காயல் நீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மனசு டாக்டர் ஊசியே போடலக்கா. வீட்டுக்கு ஆளுங்க வர்றதை நிறுத்தணுமாம்.”

“அதெப்படி? பிள்ளையைக் கத்தியால குத்திப் போட்டிருக்கானுங்க. நாலு பேர் விசாரிக்க வரமாட்டாங்களா?”

“நானும் அதைத்தான் கேட்டேன். ஆரஞ்சும் ரொட்டியுமா வர்றவங்களைச் சும்மா அனுப்ப முடியுமா? நான் சாயா போடப் போவேன். நடந்ததைச் சொல்லுடா, சட்டையைத் தூக்கித் தையலைக் காட்டுடான்னு சொல்லிட்டுத்தான் போவேன். ராத்திரி உறக்கமே இல்லக்கா இவனுக்கு. அலறுறான்.”

“அதுக்கு டாக்டர் என்ன சொன்னாரு?”

“ஒவ்வொரு தடவை சொல்றப்பவும் இவனுக்கு மறுபடி குத்து விழுதாம்.”

“அடப் பாவமே.” மூத்தவள் பையன் பக்கம் திரும்பினாள். “எந்தப் பக்கம்டா குத்தினானுங்க?”

தாய் வாய் திறக்குமுன் அவன் எழுந்து நின்றான். யார் முகத்தையும் பார்க்காமல், பழகிப்போன கையால் சட்டையை மார்புவரை தூக்கினான்.