உள்கைப்பிடி

– நல்ல மொத்தமான பிளாஸ்டிக்கா அட்டை போடும்வே ஹமீது. ஃபால்த்து சரக்கைப் போட்டு ஏமாத்தாதீரும்.

– பழைய பேப்பர் கடைக்கு வந்து அட்டை போடச் சொல்லுத ஆளு இந்தத் தாராவியிலயே நீரு ஒருத்தர்தாம்வே, பூலோகம். எல்லாவனும் கிழிச்சுப் போட வருவான். தாரும் பாப்போம். என்னது, பொம்மை போட்ட கதைப் பொஸ்தகமா?

– ஜப்பான்காரன் போட்டது. நூறு வருசம் கழிச்சு நடக்குத கதையாம். அதைத்தான் இப்ப ஆளுவளை வச்சுப் படமா எடுக்கான். போன்ல பாப்பானுவல்லா, அந்தப் படம். செம்பூர்ல மூடிக் கெடக்குத பேக்டரியில இன்னைக்கு ஷூட்டிங்.

– உம்ம மவன் மாரீஸ்வரன் நடிக்காம்னு சொன்னீரே, அதா?

– அவன் எங்க நடிக்கான். ஹீரோவுக்கு அடிபடுத எடத்துல இவன் போயி நிப்பான். டூப்பு. மூஞ்சியைக் காட்ட மாட்டானுவ. ஆனா இந்த இரும்புக்கூடு இருக்கு பாரும், பீரோ கணக்கா, இதை என் பட்டறையில அடிச்சது நானு. நேத்துதான் டெம்போவுல ஏத்திட்டுப் போனானுவ.

– அப்பனும் மவனும் ஒரே படத்துல! அதான் பொஸ்தகத்துக்கு அட்டையா? பெருமை தாங்கல போல.

– பெருமையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாளைக்கு எவனாவது வந்து, ‘அது கோணல், இது கோணல்’னா மூஞ்சியில வீசணும்லா. அதுக்குத்தான். நான் எவன் வாயையும் நம்ப மாட்டேன். உம்ம தராசையே நம்ப மாட்டேன்.

– என் தராசு என்னவே செஞ்சுது உம்மளை?

– எழுத்து நமக்கு ஆகாது. படம் பொய் சொல்லாதுல்லா? ஒவ்வொரு படமாப் பாத்து அடிச்சேன். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் போட்டிருக்கான், நானும் வெளிப்பக்கம் போட்டேன். அப்பப் பாத்து அந்த செட்டு வேலை பாக்குத பிள்ளை வந்து, ‘அங்கிள், உள்பக்கம் ஒரு கைப்பிடி வேணும், திருகினா கதவு தொறக்கணும்’ங்கா. பொஸ்தகத்துல அது எங்கம்மா இருக்குன்னேன். முழிக்கா. டைரக்டர் கேக்காராம்.

– கேட்டா வச்சுக் குடுத்துட்டுப் போவும்.

– எதுக்குங்கேன்? வேலை முடிஞ்ச பெறவு ஒரு நொட்டையைச் சொல்லி அலைய வுடுவானுவ. இவனுவளை எனக்குத் தெரியாதா? பழைய பீரோ கைப்பிடி ஒண்ணு கெடந்துது. அப்படியே உள்ள வெல்டு வச்சு ஒட்டி வுட்டேன். பாக்க ஜோரா இருக்கும். திருகினா ஒரு மண்ணும் தொறக்காது.

– கொழுப்புவே உமக்கு. அந்தப் பிள்ளை கண்டுபிடிக்கலையா?

– எட்டிப் பாத்தா. ‘சூப்பர் அங்கிள்’னா. போன்ல ஒரு போட்டோ. போயிட்டா. காலிக்கூட்டுக்கு எதுக்குவே உள்ள கைப்பிடி?

– காலிக்கூடுன்னு யாரு சொன்னா?

– பொஸ்தகம் சொல்லுது. கண்ணு இருக்குல்லா, பாரும். மொதல்ல ஊரெல்லாம் வெளக்கு எரியுது. அடுத்தால கூடு தகதகன்னு எரியுது. பெறவு நெருப்பு இல்ல, ரெண்டு பேரு தாழ்ப்பாளைத் தொறக்கான். கூடு காலி. ஒருத்தன் முன்னால நின்னு அதை வெறிக்கப் பாக்கான். பெறவு தெருவுல நடக்கான். கடைசியில வீட்டுல அவன் ஆத்தாகூட உக்காந்து சோறு திங்கான். ஊருதான் இருட்டாப் போயிருது. கரண்டு கட்டு போல.

– ம்.

– மாரிக்கு நெருப்பு சீன்னு காதுல விழுந்ததும் போவாதலேன்னுதான் சொன்னேன். ‘கூட்டுக்குப் பக்கத்துல நிக்குத வேலைதாம்ப்பா’ன்னான். அவன் சொன்னா நம்பிருவனா? பொஸ்தகத்தைப் பாத்தேன். எரியுதப்ப எவனும் உள்ள இல்ல. அப்பத்தான் போன்னேன்… நீரு எதுக்குவே பின்னட்டைலேந்து புரட்டுதீரு? நீங்க ஓதுத அரபிக் கிதாபா இது?

– பொறும்வே.

– என்ன பொறும்?

– நிதானமா கேளும். இந்த மாதிரி பொஸ்தகம் என் கடைக்கு நெறைய வருது. மாட்டுங்கா காலேஜ் பிள்ளைய படிச்சிட்டுப் போடுதது. ஜப்பான்காரனும் எங்களை மாதிரிதான். வலப்பக்கத்துலேந்துதான் தொறக்கணும். இது பின்னட்டை இல்ல. இதுதான் மொத அட்டை.

– போவும்வே. கதை வுடாதீரும்.

– என்னையும் நம்ப மாட்டீரு, சரி. நம்பர் தெரியும்லா உமக்கு? சோறு திங்கானே, அந்தப் பக்கத்துக்கு அடியில என்ன போட்டிருக்கு?

– …ரெண்டு.

– கூடு எரியுதே, அதுக்கு அடியில?

– அது… பெரிய நம்பரு.

– இப்ப என்கூடப் பாரும். ஒரு கட்டத்தையும் தாண்டாம, இந்தப் பக்கத்துலேந்து. ஊரு இருட்டாக் கெடக்கு. அவன் ஆத்தாகூட உக்காந்து சோறு திங்கான். தெருவுல நடந்து வாரான். காலிக்கூட்டுக்கு முன்னால நிக்கான். அடுத்த கட்டத்துல அவனைக் காணோம். ரெண்டு பேரு தாழ்ப்பாளைப் போடுதான்.

– தொறக்கான்வே அது.

– போடுதான். பெறவு கூடு எரியுது. பெறவுதான் ஊரெல்லாம் வெளக்கு. ஒரு ஆளை உள்ள வச்சு எரிச்சாத்தான் அந்த ஊருக்குக் கரண்டு வரும் போல. யா அல்லா, எவன்வே இதையெல்லாம் ஒக்காந்து வரையுதான்.

– அப்ப மாரி எங்கவே நிப்பான்?

– போனைப் போடும்.

– ஹீரோ நெருப்புக்குள்ள போவமாட்டான். போவமாட்டாம்லா? டூப்புதான போவணும்?

– போடும்வே மொதல்ல! கொண்டாரும், நான் போடுதேன். ஒண்ணும் ஆவாது. வெளிய ஆளுவ நிப்பாங்க, தாழ்ப்பாளைத் தொறந்து வுட்டுருவாங்க.

– இரும்புத் தாழ்ப்பாள்வே அது. பத்தி எரியுதப்ப எவன் தொடுவான்? கையில ஒட்டிக்கிடும்.

– ரிங் போவுது. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், பேசும்.

– ஹலோ, அப்பாவா? ஜல்தி சொல்லுங்க, ஷாட் ரெடி.

– லே மாரி, எங்கலே நிக்க?

– கூட்டுக்குள்ளதாம்ப்பா. சத்தம் போடாதீங்க, நீங்க பயப்படுவீங்கன்னுதான் சொல்லல. நெருப்பு வெளிப்பக்கத்துல மட்டுந்தான். தகரத்துல ஏதோ மருந்து பூசியிருக்காங்க, அதுதான் எரியும்.

– வெளிய வாலே! இந்தா, இப்பவே வெளிய வா!

– ஹலோ? ஜெனரேட்டர் சத்தம்ப்பா, ஒண்ணும் கேக்கல. கேளுங்க, பொஸ்தகத்துலதான் அவன் உள்ளயே செத்துருவானாம். படத்துல மாத்திட்டாங்க. ஹீரோல்லா, சாவ வுடுவாங்களா? நெருப்பு நல்லா எழும்புனதும் நான் உள்ளேந்து கதவைத் தொறந்துட்டு வருவேன். எவனும் பக்கத்துல வரப்படாது, கேமராவுல விழுந்துரும்.

– மாரி தம்பி, நான் ஹமீது பாய் பேசுதேன். வெளிய வாங்க தம்பி. அந்தக் கைப்பிடி…

– கைப்பிடியா? அது மட்டுந்தான் காதுல விழுந்துது. ஆமா பாய், பாத்தேன். புடிச்சு ஆட்டுனேன், அசையவே இல்ல, அவ்வளவு கெட்டி. ஒருக்கா மூடித் தொறந்து பாத்துருவோமான்னு அந்தப் பிள்ளை கேட்டுது. எங்கப்பா கை வச்சது, பாக்கவே வேண்டாம்னு நாந்தான் சொல்லிட்டேன். மூடுதாங்க, வைக்கேன்.