பஸ்ஸில் வந்த மரவள்ளிக் குச்சிகள்

ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை, தெஹியோவிட்டையிலிருந்து அவிசாவளை போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த பெண் மடியில் ஒரு குச்சிக் கட்டு வைத்திருந்தார்.

“விறகோடயா பஸ் ஏறுறீங்க, அக்கா?” என்று சிரித்தார் அவர் பக்கத்தில் இருந்த பெண்.

“நடுறதுக்கு மரவள்ளிக் குச்சி, தங்கச்சி. மகளுக்குக் கொண்டு போறேன். காலந்தப்பி முன்னாடியே வந்த மழையில, அவ இருக்கிற தோட்டத்துல வச்சிருந்த குச்சியெல்லாம் அழுகிப் போச்சு. மழைன்னா ரப்பர் பால்வெட்டும் இல்ல, கூலியும் இல்ல. கிழங்கும் இல்லாட்டி என்னத்தத் திங்கிறது?”

“உங்களுது மட்டும் எப்படித் தப்பிச்சிச்சு?”

“லயத்து வீட்டுக் கூரைக்குக் கீழ கட்டித் தொங்கவிட்டேன். வீட்டுக்காரரு கேலி பண்ணுனாரு. இன்னைக்கு அவருதான் கட்டித் தந்தாரு.”

“எங்க லயத்துலயும் ஒன்னும் மிஞ்சலக்கா.”

அக்கா கட்டை அவிழ்த்து, பாதியை அவர் மடியில் வைத்தார்.

“நட்டு வெளஞ்சதும் கிழங்க நீங்க தின்னுங்க, குச்சிய அடுத்தவங்களுக்குக் குடுங்க. விறகுன்னு அடுப்புல மட்டும் வச்சிராதீங்க!”