கழுத்துக்கு மேல் மட்டும்

கதவை ஒட்டி உட்கார வேண்டாம்... கொஞ்சம் உள்ளே தள்ளி வாருங்கள். இது நம் இன்னாசிராஜின் தாய்மாமன் ஏசுரத்தினத்துக்கு நடந்தது. போடிக்கு மேலே, மலையில் இருக்கிற பூப்பாறையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார்.

எழுபத்து நாலாம் வருஷம், ஆடி மழை. சாயங்காலம் ஆறரை இருக்கும். எஸ்டேட் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போகும் ஏலக்காட்டுப் பாதையில் அவர் மட்டும் நடந்துகொண்டிருந்தார். ஈ, காக்கை இல்லை. கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய ஒரு கல்யாணப் படம். கண்ணாடி போட்டு, சட்டம் அடித்தது.

அந்தப் படம் பாதி பொய்.

லயத்துக் கங்காணி தேவசகாயம். அவனுடைய முதல் பெண்டாட்டி சிசிலி. அவர்கள் கல்யாணப் படத்தை எடுத்ததும் ஏசுரத்தினம்தான். தேவசகாயம் கோட்டு போட்டு நாற்காலியில் இருப்பான். பட்டும் நகையுமாய்ச் சிசிலி அவன் தோளில் கை வைத்து நிற்பாள். மறு வருஷமே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அவளை உள்ளே போட்டு, வெளியே பூட்டிவிட்டு, தேவசகாயம் போடிக்குப் போனான். வேறு பெண் பார்க்கத்தான். அவன் திரும்பியபோது சிசிலி கதவடியில் கிடந்தாள். நகமெல்லாம் பிய்ந்திருந்தது. காய்ச்சலில் போய்விட்டாள் என்றான். கங்காணியை யார் கேட்பது?

கொஞ்ச நாளில் இன்பமேரியைக் கட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குக் கூட்டி வந்தான்.

"அண்ணே, அந்தப் பழைய நெகட்டிவ் இருக்குல்ல? அதுல நகையெல்லாம் பளிச்சுனு இருக்கும். தலைய மட்டும் மாத்திருங்க."

"வேணாம்யா... புதுசா ஒண்ணு எடுத்துருவோம்."

"நகைய வித்தாச்சுண்ணே. சொன்னதச் செய்ங்க."

லயத்தில் எந்த விசேஷத்துக்கு யார் படம் எடுப்பது என்பது அவன் வாய்ச்சொல். ஏசுரத்தினம் இன்பமேரியை ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"கழுத்துக்கு மேல மட்டுமாண்ணே?"

"ஆமா, தங்கச்சி."

"அப்ப... கீழ யாரு?"

தேவசகாயம் சிரித்தான். ஏசுரத்தினம் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

பழைய படத்தில் சிசிலியின் முகத்தைப் பிளேடால் வெட்டி எடுத்தார். அந்த ஓட்டையில் இன்பமேரியின் முகத்தை ஒட்டினார். கழுத்தோரம் தூரிகையால் தீட்டி, மறுபடி படம் பிடித்தார். ஒட்டு தெரியவே இல்லை.

அதைத்தான் சுமந்துகொண்டு போனார். பாதி வழியில்... டொக்.

மழைத்துளி என்று நினைத்தார். மறுபடி... டொக், டொக். கக்கத்திலிருந்து. கண்ணாடியை உள்பக்கமிருந்து விரல்நுனியால் தட்டுகிற மாதிரி. குப்பென்று சாம்பிராணி வாசம். கூடவே தோண்டின மண் வாசம்.

தூக்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தார். தேவசகாயமே ஆணி அடித்து மாட்டினான்.

அடுத்த வாரம் இன்பமேரி தனியாக வந்தாள். முந்தானைக்குள் ஒளித்திருந்த கைகளை நீட்டினாள். விரலெல்லாம் ரத்தம் கட்டிப்போயிருந்தது.

"கதவு திறந்துதாண்ணே கெடக்கு. ஆனா பொழுது சாஞ்சா இந்தக் கை போயிக் கதவப் பிறாண்டுது. நிறுத்துன்னா நிக்க மாட்டேங்குது... இது என் கை இல்லண்ணே."

ஏசுரத்தினம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழவில்லை.

"அத்தன பேருக்கும் தெரிஞ்சிருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரல, இல்ல?"

அன்றைக்கே போடி பஸ் ஏறித் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். மலை இறங்கியதும் கை அவள் சொல் கேட்டதாம்.

ஏசுரத்தினம் எல்லா நெகட்டிவையும் அடுப்பில் போட்டார். சுவரில் மாட்டிய படத்தையும் வாங்கி எரித்துவிடலாம் என்று லயத்துக்குப் போனார். தேவசகாயம் கதவைத் திறந்தான்.

"போறவ போகட்டும்ணே. தேவாரம் ஊருல வேற பொண்ணு ஒண்ணு பாத்துருக்கேன். அந்த நெகட்டிவ பத்திரமா வைங்க."

ஏசுரத்தினம் சுவரைப் பார்த்தார்.

படத்தில் சிசிலி. அவளுடைய சொந்த முகம். நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை அதே தோளில். நாற்காலியில் கோட்டு, காலர், டை... அதற்கு மேலே ஒன்றுமில்லை. தலை இருந்த இடம் பிளேடால் வெட்டின மாதிரி, வட்டமாய், வெள்ளையாய்.

"என்னண்ணே, அப்படிப் பாக்குறீங்க? செவுத்துக்கு எடுப்பா இருக்குல்ல?"

அவன் கண்ணுக்கு அது தெரியவில்லை.

"இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு, ஏசுரத்தினம் மழையில் இறங்கி நடந்தார்.