ஆல்வினின் டிஸ்க்கும் சந்திரிகாவின் ஃபோல்டரும்

சந்திரிகா: சொன்னேனா இல்லையா? உன் பிளாக் ஸ்டோரேஜ் டிஸ்க் ஊத்திக்கிச்சு!

ஆல்வின்: அக்கா, சீட்ல உட்காரும்போதேவா? டீ குடிச்சீங்களா?

சந்திரிகா: பேச்ச மாத்தாத. மூணு மணிக்கு மீனவர் ஏசுபாதம் அண்ணன் நம்ம ஆப்பப் பார்க்க கோவளத்துலேர்ந்து வர்றாரு. மீன் படத்தக் காட்டினா பேரு சொல்ற ஆப்... அதுக்கு எடுத்த படமெல்லாம் அந்த டிஸ்க்லதானே?

ஆல்வின்: அதுலதான்... திறந்தா தலை வஞ்சிரம், வாலு சங்கரா. கடல்லயே இல்லாத மீனு.

சந்திரிகா: பொது ஃபோல்டர்ல போடுன்னு தலைதலையா அடிச்சிக்கிட்டேன். அந்த மாதிரி பொது ஃபைல் சிஸ்டம்னா எல்லாரும் ஒரே நேரத்துல திறக்கலாம், எழுதலாம்.

ஆல்வின்: திறக்கும்... சாயங்காலம் தாம்பரம் பாலத்துல பஸ் நகர்ற மாதிரி திறக்கும். என் டிஸ்க்ல, கோட எல்லாம் சேர்த்து ஆப்பா ஆக்கற பில்ட், டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும்.

சந்திரிகா: எல்லாமே முடிஞ்சதுதான் தெரியுதே!

ஆல்வின்: டிஸ்க் சும்மா கெடாதுக்கா. அத ஒரு மெஷின்லதான் மாட்டணும். ரெண்டுல மாட்டினா, இது எழுதறது அதுக்குத் தெரியாது. ஒண்ணு மேல ஒண்ணு எழுதிடும். நான் என் மெஷின்ல மட்டும்தான்...

சந்திரிகா: ம்...

ஆல்வின்: என்ன ‘ம்’?

சந்திரிகா: ஒண்ணுமில்ல... ஏசி ஜாஸ்தியா இருக்கு.

ஆல்வின்: உங்களுக்கு வேர்க்குதுக்கா!

சந்திரிகா: டேய்... திட்டாத. நேத்து என் ஃபோல்டர்ல பில்ட் நகரவே இல்ல. முடிச்சூர் பஸ் போயிடும்னு... நீ கிளம்பினப்புறம் உன் டிஸ்க்க என் மெஷின்லயும் மாட்டிட்டேன்.

ஆல்வின்: மாட்டிட்டு?

சந்திரிகா: டீ ஆறலடா. பில்ட் முடிஞ்சிடுச்சு.

ஆல்வின்: அப்புறம் எதுக்கு காலை மீட்டிங்ல என் டிஸ்க்க அந்தக் கிழி கிழிச்சீங்க?

சந்திரிகா: தப்புதான். பில்டுக்கு ஆளுக்கொரு டிஸ்க், ஒத்துக்கறேன். ஆனா படத்துக்கு எங்க போறது? பாவம், அண்ணன் வலையிலேர்ந்து ஒவ்வொரு மீனா எடுத்துத் தூக்கிப் பிடிச்சாரு. நானே அவர்கிட்ட சொல்லிடறேன், தப்பு என்மேலன்னு.

ஆல்வின்: இருங்க, இருங்க... உங்க பொது ஃபோல்டர்ல ‘ஞாயிறு பிரியாணி’ன்னு ஒண்ணு கிடக்குமே, பார்த்திருக்கீங்களா?

சந்திரிகா: அது உன் வேலையா? இடத்த அடைக்குதுன்னு இப்ப அழிக்கத்தான் போறேன்.

ஆல்வின்: ஐயோ, கைய எடுங்கக்கா! அண்ணனோட மீனெல்லாம் அதுக்குள்ளதான் பத்திரமா இருக்கு. தினமும் கிளம்பறப்ப உங்களுக்குத் தெரியாம ஒரு காப்பி போட்டுடுவேன்... என் டிஸ்க்க நானே நம்பலக்கா.