சாப்பிடுகிற கை

எங்கள் காரின் பின்கதவு குளிர்காலத்தில் மெல்லச் சாத்தினால் பூட்டாது, சுவாமி. ஓங்கித்தான் அடிக்க வேண்டும். மொன்ட்ரியால்-நோரில் எங்கள் தெருவுக்கே அந்தச் சத்தம் பழக்கம்.

என் மகள் கத்தரினை உங்களுக்குத் தெரியும். நம் தேவாலயத்தில் நத்தார்ப் பூசையில் செல்லோ வாசித்தவள். ஏழு வயதில் தொடங்கினாள். அந்தப் பெரிய பெட்டியை மெட்ரோப் படிகளில் பத்து வருடம் நான் தூக்கினேன். வகுப்பில் மூலையில் உட்கார்ந்து நானும் கற்றுக்கொண்டேன்: வலக்கை வில்லை இழுக்கும், இடக்கை விரல்கள்தான் தந்தியை அழுத்திச் சுரத்தைப் பிடிக்கும். இருபத்திரண்டு வயதில் இங்கேயே ஓர் இசைக்குழுவில் இடம் கிடைத்தது. சாப்பாடு வீட்டில்தான். எனக்கு அது போதும்.

தை மாதம், நாட்டின் மறுகரையில், வன்கூவரில் ஒரு பெரிய குழுவின் தேர்வுக்குப் போனாள். திரைக்குப் பின்னால் இருந்து வாசிக்க வேண்டுமாம். யார் பெற்ற பிள்ளை என்று நடுவர்களுக்குத் தெரியாது. இவளைத்தான் எடுத்தார்கள்.

"அம்மா, ஓகஸ்ட்டில போறன்," என்றாள்.

"அப்ப நான்?"

"நீங்கள் வந்து பாக்கலாம்தானே."

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு. எனக்குப் பயம் பிடித்துவிட்டது, சுவாமி. இவளுடைய தகப்பன் செத்தபிறகும் நான் ஒருநாள்கூடத் தனியாகச் சோறு தின்றதில்லை.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் புறப்பட்டோம். செல்லோவைப் பின்சீற்றில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கையுறை போடவில்லை. இடக்கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. வலக்கையும் பக்கத்தில்தான் இருந்தது. அது சாப்பிடுகிற கை. தாய் அதைக் கெடுப்பாளா? அவள் அதை எடுக்கும்வரை பொறுத்து நின்றேன். பிறகு வழக்கம்போல ஓங்கி அடித்தேன்.

"அம்மா, கை. கதவைத் திறவுங்கோ, அம்மா."

ஒரு 'அருள் நிறைந்த மரியே' முழுதாகச் சொல்லிவிட்டுத் திறந்தேன். உடனே திறந்தால் எலும்பு பொருந்திவிடக்கூடும்.

மூன்று விரல்கள். ஆஸ்பத்திரியில் விபத்து என்று சொன்னேன். அந்தப் பொய்க்குத்தான் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன். வேறு பாவம் எதுவும் நினைவில் இல்லை.

இப்போது கத்தரின் வீட்டில்தான் இருக்கிறாள். எதிர்த்துக் கதைப்பதில்லை. நான் அறைக்குள் போனால் மட்டும் வலக்கையையும் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டு நடுங்குகிறாள். பிள்ளைக்குக் குளிர். அதனால் மூன்று நேரமும் சோற்றை நானே வாயில் தீத்திவிடுகிறேன்.