கிருபாவதியின் சீட்டு

சித்தூரில் மார்ச் பிறந்தாலே வெயில் ஏறிவிடும். கவனம் தேவைப்படும் வேலைகளைக் காலை பத்து மணிக்குள் முடித்துக்கொள்வது என் வழக்கம். ஐம்பத்து நான்காம் ஆண்டு சீட்டு எடுத்ததும் அப்படித்தான், ஒன்பது மணிக்கு.

என் பெயர் சத்தியநாதன். புது மருந்துகளைச் சோதித்துச் சொல்லும் நிலையம் ஒன்றை நடத்திவந்தேன். மருந்து கம்பெனியோ சர்க்காரோ எங்களுக்கு உத்தரவு போட முடியாது. நாங்கள் நல்லது என்று எழுதிக் கொடுத்தால் ஆஸ்பத்திரிகள் வாங்கும். விசாரணைக்காகத் தலைநகர் கர்நூலிலிருந்து வந்திருக்கும் நீங்கள் இதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

அப்போது ஆந்திராவுக்கும் மதராஸுக்கும் எல்லைத் தகராறு உச்சத்தில் இருந்தது. நகரி யாருக்கு, புத்தூர் யாருக்கு என்று தினமும் ஊர்வலம். இங்கே என்னை அரவவாடு, தமிழன், என்றார்கள். மதராஸ் டாக்டர்கள் எங்களை ஆந்திரா நிலையம் என்று ஒதுக்கினார்கள். நான் எங்கே சறுக்குவேன் என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் காசநோய்க்கான புது மாத்திரை சோதனைக்கு வந்தது.

நாற்பது நோயாளிகள். இருபது பேருக்கு மருந்து. மற்ற இருபது பேருக்கு அதே அளவில், அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. சீட்டுக் குலுக்கி எடுத்துத்தான் பிரித்தது; யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. பட்டியல் என் அலமாரியில் இருந்தது. ஒரு வருடம் கழித்துத்தான் திறப்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தோம்.

நாற்பதில் ஒருத்தி என் தங்கை கிருபாவதி. திருப்பதியில் நர்ஸாக இருந்தாள். வார்டில் நோய் தொற்றிக்கொண்டது.

நான்காம் மாதத்தில் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. எங்கள் வார்டில் அவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் வெதுருகுப்பத்து வெங்கடம்மா. வந்தபோது அவளைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். இப்போது வராந்தாவில் நடந்தாள்.

“அண்ணா, வெங்கடம்மா ரெண்டாவது தபா களி கேட்டு வாங்கித் துன்றா,” என்றாள் கிருபாவதி. “நான் எளைச்சிக்கினே போறேன். எனக்குக் குடுக்கிறது மருந்துதானா?”

“அத நான் சொல்லக்கூடாது, கிருபா.”

அவளும் நர்ஸ்தானே. மேற்கொண்டு கேட்கவில்லை. அன்றைய மாத்திரையை என் எதிரிலேயே தண்ணீர் விட்டு விழுங்கினாள்.

ஆறாம் மாதம் எங்கள் டாக்டர் எத்திராஜ் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“சார், பாதிப் பேரு தேறிக்கினு வராங்க. பாதிப் பேரு செத்துக்கினு இருக்காங்க. இன்னும் என்னா பாக்கணும்? பட்டியலத் தொறங்க.”

“ஒரு வருஷம்னு எழுதியிருக்கோம், டாக்டர்.”

“உங்க தங்கச்சி ரத்தமா துப்பறாங்க, சார்.”

“அதனாலதான் தொறக்கக் கூடாது,” என்றேன்.

தங்கைக்காகச் சோதனையைப் பாதியில் நிறுத்தினான் என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அந்த அறிக்கையை எந்த ஆஸ்பத்திரியும் தொடாது. எத்திராஜ் நல்ல டாக்டர். ஆனால் கட்டிலில் இருப்பவர்களை மட்டுமே அவரால் பார்க்க முடிந்தது.

மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒன்பது பேர் இறந்தார்கள். கிருபாவதி ஆறாவது. அவளைப் புதைத்த மறுநாள் மற்றவர்களுக்கு வழக்கமான நேரத்தில் மாத்திரை கொடுக்கப்பட்டது. வருடம் முடிந்து அறிக்கை வெளிவந்தது. மதராஸிலும் ஆந்திராவிலும் ஒரே நாளில் ஏற்றுக்கொண்டார்கள். எல்லைத் தகராறு தொடங்கியதிலிருந்து இரண்டு ராஜ்யமும் ஒத்துப்போன விஷயம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அந்த மாத்திரையால் பிழைத்தவர்கள் இப்போது ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். எத்திராஜ் புகார் எழுதியதில் எனக்கு வருத்தம் இல்லை. அவர் எழுதியது எல்லாம் உண்மை. அவருக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சீட்டு எடுத்தபோது அறையில் நான் மட்டும் இருந்தேன். கிருபாவதியின் பெயருக்கு முதலில் வந்த சீட்டில் மருந்து என்று இருந்தது. என் தங்கைக்கே மருந்து விழுந்தால் யார் நம்புவார்கள்? மடித்து டப்பாவில் போட்டேன். நன்றாகக் குலுக்கி மறுபடி எடுத்தேன். அதுவும் மருந்து. மூன்றாவதில்தான் மாவு வந்தது. யாரும் குறை சொல்லக்கூடாது என்று, மூன்று முறையும் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தேன்.